முப்பத்தெட்டு

சிவப்பு வட்டம் தெரிந்ததும்
நீளப் பொத்தானை அமுக்கணும்.
அவ்வளவுதான் சோதனை.
நூற்றிருபது முறை.

கீரிப்பாறை ரப்பர் காட்டிலிருந்து
பால்வெட்டுக்காரிகள் பதினேழு பேர் வந்தார்கள்,
நெற்றியில் தலைவிளக்குப் பட்டையின் தடம் மாறாமல்,
விரலிடுக்கில் ஒட்டுப்பால் நாற்றத்தோடு.
சமூகக் கூடத்தில் என் லேப்டாப்.
ஞானசுகந்தி இரண்டாம் சுற்றிலேயே சொன்னாள்:
"நான் அப்பளே அமுக்கியாச்சு பிள்ளே,
இதுக்குச் செவி மந்தம் போல."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.

நாகர்கோவில் ஆய்வகத்தில், கல்லூரிக் கணினியில்,
மாணவிகளுக்குச் சராசரி முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிநொடி.
இவர்களுக்கு முந்நூற்றைம்பத்து மூன்று.
வித்தியாசம் நாற்பத்தொன்று.
நான்காம் அத்தியாயத்தில் எழுதினேன்:
விடிய மூன்று மணிக்கு எழும் உழைப்பு
கவனத்தை மந்தமாக்குகிறது.
ஓரத்தில் வழிகாட்டி பச்சை மையில் போட்ட ‘நன்று’
இன்னும் இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை.
வடசேரியில் டிவி ரிப்பேர் செய்யும் மாஹீன்
எனக்காக ஒன்று செய்து தந்தான்:
திரையில் ஒட்ட ஒரு ஒளிக்கண்,
வெளிச்சம் பட்டதும் பொத்தானைத் தட்டும் இரும்புக் குச்சி.
அதற்கு மூளை இல்லை.
உறக்கம் பாக்கி இல்லை.
மூன்று மணிக்கு எழுந்து
முந்நூறு மரம் வெட்டிவிட்டு வரவும் இல்லை.

ஆய்வகக் கணினி அதற்கு எழுதியது பதினொன்று.
என் லேப்டாப் எழுதியது நாற்பத்தொன்பது.

மறுபடி ஓட்டினேன். இரவு பத்தாயிற்று.
மாஹீன் பன்பட்டர் வாங்கிவரப் போய்விட்டான்.
டக், டக், டக்.

வட்டம் ஒரே கணத்தில் வருவதில்லை என்று
அப்போதுதான் கண்ணால் நம்பினேன்.
வேளிமலையில் மழை இறங்குகிற மாதிரி
மேலிருந்து வரிவரியாக இறங்குகிறது.
நடுத்திரைக்கு வந்து சேர்வதற்குள்
கடிகாரம் ஓட ஆரம்பித்தாயிற்று.
அமுக்கிய பிறகும்
யாராவது வந்து கேட்கும் வரை
விசைப்பலகை சேதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.
ஒரே அளவு பிந்தினால் கழித்துக்கொள்ளலாம்.
இது ஒருமுறை முப்பது,
அடுத்தமுறை அறுபத்து நான்கு.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு போனால் மூன்று.
அந்த மூன்றும் யாருடையது?
லேப்டாப்பினுடையதாகவே இருக்கலாம்.

இருட்டில், அட்டைக்கடியோடு,
பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் சீவி
தடியைத் தொடாமல் கத்தியை நிறுத்துகிற கை அது.
அதற்கு நான் பேர் போட்டிருந்தேன்.
பார்வை எண் ஒன்பது. வயது நாற்பத்தொன்று. பெண்.

போன் செய்யலாமென்று எடுத்தேன்.
பத்தரை மணி. உறங்கியிருப்பாள்.
நான் மன்னிப்புக் கேட்க
அவளை எழுப்புவதா?

நான்காம் அத்தியாயத்தைத் திறந்தேன்.
வரியின் கடைசியில் கர்சரை வைத்து
அழிக்கும் பொத்தானை அமுக்கினேன்.
‘மந்தம்’
கொஞ்சம் பொறுத்துத்தான் போயிற்று.