அரை சதவீதம்

உச்சிப்புளியிலிருந்து நாலு மூட்டை புன்னைக்கொட்டை.
நொறுக்கிப் பிழிந்தால்
பச்சை படர்ந்த கறுப்பாய் ஒழுகும், அடுப்பங்கரைக்கு ஆகாத வாடை.
பாடியவர்களுக்கு இந்த மரம் பூ உதிர்த்தது.
எனக்கு அமில எண் நாற்பத்து நான்கு.
அதைக் குறைப்பதிலேயே மாசி போனது.

சித்திரை பிறந்தது, தடைக்காலம்.
மண்டபம் தென்கரையில் விசைப்படகுகள்
விலா உரசிக்கொண்டு சும்மா நின்றன.
இன்னாசியின் படகில் வலை இழுக்கும் வின்ச்
பல்சக்கரப் பெட்டி பிளந்து கிடந்தது.
உள்ளே போன வருஷத்து எண்ணெய்,
கீல் மாதிரி.

என் புட்டியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.
"என்னம்மா கலங்கலா இருக்கு?"
சிலிக்கா, என்றேன். ரொம்பப் பொடி.
"சிலிக்கான்னா?"
மறைக்க முடியவில்லை. மணல்தான், என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
"முப்பது வருஷமா துணி சுத்தி வெச்சிருக்கேன்,
ஒரு பொட்டு மணல் உள்ள போகக் கூடாதுன்னு.
நீ ஊத்தச் சொல்ற."

அவர் சொன்னதில் பொய்யில்லை.
இந்தக் கரையில் காற்றே மணலைத் தின்று துப்புகிறது,
சோற்றில் கடிபடுகிறது, பேரிங்கில் கடிபடுகிறது.
ஆனால் இது அந்த மணலின் பேரனுக்குப் பேரன்.
தலைமயிர் ஒன்றின் குறுக்கே
இரண்டாயிரம் பேர் தோளொட்டி நிற்பார்கள்.
பல்லின் கீறலில் சிலர் போய் உட்காருவார்கள்,
இடம் கிடைக்காதவர்கள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
உருளுவார்கள்,
என்று படித்திருக்கிறேன்.
கண்ணால் பார்த்தது தழும்பை மட்டும்:
கீழே மூன்று எஃகு உருண்டை, மேலே சுழலும் ஒன்று,
ஒரு மணி நேரம்.
வெறும் புன்னையில் தழும்பு அகலம், பொடி சேர்ந்ததில் ஒடுக்கம்.
அதை நம்பித்தான் இங்கே வந்து நிற்கிறேன்,
காலில் சிப்பி குத்த.

வராத நாட்களும் உண்டு.
ராத்திரி கலக்கி வைத்தது விடிந்தால்
கஞ்சி மண்டியாய் அடியில் உட்கார்ந்திருக்கும்.
துகளுக்குக் கொழுப்பமிலம் பூசினேன்.
நாலு நாள் மிதந்தது. மறுபடி பூசினேன்.
பதினோராம் நாளும் புட்டி தெளியாதபோது
கலங்கலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள்
இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

இன்னாசி ஊற்றினார். வின்ச் சுற்றியது. பெட்டி சுடவில்லை.
மறுவாரம் போனால் கரகரவென்று இருமுகிறது.
மீதி வைத்திருந்த பொடியையும் கொட்டியிருக்கிறார்.
"நல்லதுன்ன. கூடப் போட்டா கூட நல்லதுதான?"
அரை சதவீதம், என்றேன், அதற்கு மேல் ஆகாது.
கூட்டம் கூடினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
அவை மறுபடி மணலாகிவிடும்.
"குழம்புக்கு உப்புங்கிற."
ஆமாம், குழம்புக்கு உப்பு.
இரண்டு மாதம் நான் எழுதிய அறிக்கையில்
இவ்வளவு சின்ன வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

பெட்டியைக் கழுவிப் புதிதாய் ஊற்றும்போது
நண்டுவலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அல்போன்சா கேட்டாள்:
"இது கடல்ல ஒழுகுனா?"
புன்னை எண்ணெய்தானே, கிருமி தின்றுவிடும், என்றேன்.
"எண்ணெயைத் தின்னும். பொடிய?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என் கை.
கடலடி முழுக்க மணல்தான் என்று சொல்லியிருக்கலாம்.
இவ்வளவு சின்ன மணலை
நண்டின் செவுள் என்ன செய்யும் என்று
நான் சோதித்ததில்லை.
நோட்டில் அவள் கேள்வியை எழுதினேன்,
கீழே அரைப் பக்கம் காலியாக விட்டேன்.

தடை முடிந்த இரவு எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பின.
மறுநாள் மத்தியானம் இன்னாசி வந்தார், கண் சிவந்து.
வின்ச் சத்தம் எப்படி, என்றேன்.
"சத்தமே இல்ல.
அதான் பயந்து போயி ராத்திரி பூரா
பக்கத்துலயே உக்காந்துட்டேன்."

நான் கேட்டிருந்த பழைய எண்ணெய்,
கால் புட்டி, இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
மணல் படாமல்
துணி சுற்றியிருந்தது.