சரியான சொல்

கொழும்பிலிருந்து போன்:
"அங்க அலை எந்தப் பக்கம்?
ஒரே வரி. ஏழு மணிக்குள்ள."

அலை என்று எழுதினேன். வெட்டினேன்.
களுவாஞ்சிகுடிச் சந்தையில்
அலையைக் கண்டவர் எவருமில்லை.
சாய்வு. சரிவு.
காற்று என்றால் எந்தக் காற்று,
சோளகமா வாடையா?

இறால் நிறுக்கும் தங்கேஸ்வரி,
போன மாதம் "எங்கட ஆள்" என்றவள்,
தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"உங்கட ஆள் வந்திட்டுப் போனார்."
நான் ஆருடைய ஆளுமில்லை.

பக்கத்தில் சுறா வெட்டியவர்
கத்தியை நிறுத்தவில்லை.
முந்தியென்றால் சண்டைக்கு வந்திருப்பார்.

ஆறு ஐம்பத்தெட்டு.
'மக்கள் மத்தியில் மாற்றம்'
என்று அனுப்பிவிட்டேன்.

அரைக் கிலோ இறாலை
அவருடைய நோட்டீசில்தான் சுற்றித் தந்திருந்தாள்.
வீடு வருமுன்
மூக்குவரை நனைந்துவிட்டது.