மிகைப் பிழை

விடிகாலை ஐந்தரைக்கு
கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
என் தலை தெரிந்ததும் சில கற்கள் காணாமல் போகும்.
கூடைக்கு அடியில், மடிச்சேலையில்,
ஒருமுறை வஞ்சிரத்தின் வாயிலிருந்தே
இருநூறு கிராம் எடுத்தேன்.

எடையளவு ஆய்வாளர். பதினோரு வருஷம்.
பித்தளைத் தராசு, மரப்பெட்டி,
வெல்வெட்டில் படுத்திருக்கும் மாதிரிக் கற்கள்.
அவற்றை விரலால் தொடக்கூடாது,
வியர்வைக்கும் எடை உண்டு.

எபிரேயரின் பழைய சட்டத்தில் ஓரிடம்:
ஒரே பையில் பெரிய கல்லும் சின்னக் கல்லும்
இருப்பது கடவுளுக்கு ஆகாதாம்.
ஞாயிறுகளில் அது வாசிக்கப்படும்போது
எங்கள் துறையைத் தொடங்கியதே அவர்தான் என்று
எனக்கொரு சின்ன கர்வம்.

பூங்காவனம், சோனாங்குப்பம்.
கல்லை ஒளிக்கவில்லை. நீட்டினாள்.
ஒரு கிலோ, துருவேறிய இரும்பு.
என் கல் ஒரு தட்டில், அவள் கல் மறு தட்டில்.
அவள் பக்கம் தாழ்ந்தது.
துடைத்தேன். முந்தானையால் காற்றை மறைத்தேன்.
திரும்பவும் தாழ்ந்தது.
நாற்பது கிராம் கூட.

"கூடவா இருக்கு?"
"கூடத்தான். நான்தான் ஈயம் காய்ச்சி ஊத்தினேன்."

சங்கராவைச் செதிளெடுத்துக்கொண்டே சொன்னாள்:
"அலை வந்த வருஷம் நிவாரண அரிசி
ரெண்டு மூட்டை வாங்கினேன்.
ஒண்ணு என் பேருக்கு,
ஒண்ணு பக்கத்து வூட்டு மாங்கனி பேருக்கு.
மாங்கனி அந்த ஞாயித்துக்கெழமையே போயிட்டா.
யாரும் கேக்கல.
அதான்."

எத்தனை வருஷம்,
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ,
நாற்பது நாற்பதாய்ப் பெருக்கிப் பார்த்தேன்.
அந்த மூட்டை எப்போதோ தீர்ந்திருக்கும்.
சொன்னேன்.
"நான் கணக்குப் பாக்கல மேடம்."

ஊரை எரிக்க வந்தவரிடம்
ஒரு கிழவன் பேரம் பேசினான்.
ஐம்பது நல்லவர் இருந்தால் விடுவீரா?
நாற்பத்தைந்து? முப்பது? இருபது?
இங்கே ஏலம் மேலே போகும்,
அங்கே கீழே இறங்கியது.
பத்தில் நிறுத்திவிட்டான்.
இந்தத் துறைமுகத்துப் பெண்கள் எவளும்
பத்தில் நிறுத்தியிருக்க மாட்டாள்.
ஒன்றுக்கு இழுத்திருப்பாள்,
போகும்போது கொசுறும் கேட்டிருப்பாள்.

பிள்ளைகளைப் பறிகொடுத்து
சாம்பலில் உட்கார்ந்து வழக்காடியவனுக்கோ
சுழல்காற்றுக்குள்ளிருந்து எதிர்க்கேள்வி வந்தது:
கடலுக்குக் கதவு வைத்துத் தாழிட்டது யார்?
அந்தப் பக்கத்தை
நான் சோனாங்குப்பத்தில் வாசிப்பதில்லை.
அன்று தாழ்ப்பாள் எங்கே போயிற்று
என்று கேட்பார்கள்.
கேட்கட்டும்.
கேட்டவன்மேல் அவருக்குக் கோபமில்லை;
நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்று
அவர் சார்பில் வாதாடிய நண்பர்கள்மேல்தான் இருந்தது.

எனக்குப் புரியாதது இது:
கடலின் கணக்கை யாரும் நேர்செய்யவில்லை.
மாங்கனிக்குப் பதிலாக மறு தட்டில்
எதை வைத்தார்கள் என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
இவள் மட்டும் ஒரு மூட்டை அரிசிக்கு
ஊரே வாங்கித் தின்னத் தின்ன
தன் பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டே இருக்கிறாள்.

ஆனாலும் சட்டம் சட்டம்.
பெரிய கல்லும் தப்பு.
படிவத்தில் பிழைக்கு இரண்டு கட்டங்கள்,
கழித்தல், கூட்டல்.
பதினோரு வருஷத்தில்
கூட்டலில் நான் பேனா வைத்ததே இல்லை.
நாற்பது என்று எழுதும்போது
நான்கு கோணலாக விழுந்தது.

உளியும் அரமும் என்னிடமே இருந்தன.
காகிதம் விரித்துச் சுரண்டினேன்.
தராசு முள் நடுவுக்கு வந்தது.
முத்திரை அடித்தேன்.
காகிதத்தை மடித்துக் குப்பையில் போடப் போனவளை
"இங்க கொடுங்க" என்றாள்.

நான் பார்த்தேன்.

"வேற எதுக்கும் இல்ல. வலைக்குக் குண்டு கட்ட.
வலை அடி தொட்டாத்தானே மீனு."