பேட்டரி நான்கு

நோவி சாட், தொண்ணூற்றொன்பது, மே.
மின்சாரம் போய் மூன்றாம் நாள்.
நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும்
யாரோ விட்டுப்போன பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவில்
ஐந்து பேர்,
ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு பெட்டி,
பேட்டரி நான்கு.

செய்தி கேட்கலாம் என்றான் லுபோமிர்.
எந்தச் செய்தி, என்றாள் செங்கா.
நம் வானொலியில் நாம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறோம்,
அவர்கள் வானொலியில் பாலங்கள் மட்டுமே சாகின்றன.
பாட்டு வை.

எந்தப் பாட்டு என்பதில் மூண்டது சண்டை.

எனக்கு கோல் கிளார்க்ஸ்தான், பதினாறு வயதிலிருந்து.
அந்த பேஸ் கிட்டார்
ஈரக் கம்பளியைக் கல்லில் அடிக்கிற மாதிரி
"அவன் லண்டன் மேடையில் என்ன சொன்னான் தெரியுமா?"
ரெல்யா எழுந்த வேகத்தில் தலை குழாயில் இடித்தது.
"போடுங்கள் என்றான் குண்டை. கைதட்டினார்கள்.
அந்தக் கைதட்டல்தான் நேற்று ராத்திரி
என் அத்தை வீட்டு ஜன்னல்களில் விழுந்தது."
போடுங்கள் என்று சொல்லவில்லை, என்றேன்.
வேறு வழி தெரியவில்லை என்றுதான் சொன்னான்,
பத்திரிகையில் படித்தேன்.
"என்ன வித்தியாசம்?"
எனக்கும் தெரியவில்லை.
ஆனாலும் இரண்டாவது ஆல்பம் நல்ல ஆல்பம்.

டிவடார் சிரித்தான், மெதுவாக.
அவன் வீட்டில் பேசும் மொழியின் நாடு
மார்ச்சில்தான் அந்தக் கூட்டணியில் சேர்ந்திருந்தது.
அதிலிருந்து எதையும் மெதுவாகத்தான் செய்கிறான்.
"நனைந்த தீக்குச்சிகளைப் போடுவோமே,
நம்ம ஊர்க்காரர்கள்."
செங்கா எரிந்து விழுந்தாள்:
பிப்ரவரி வரை தலைவரைத் திட்டி மூன்று பாட்டு,
ஏப்ரலில் அவர் போட்ட மேடையிலேயே கச்சேரி,
மார்பில் இலக்கு வட்டம் ஒட்டிக்கொண்டு.
"தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது
யாரைத் திட்டச் சொல்கிறாய்?" என்றான் ரெல்யா.
"இரண்டு பேரையும்.
வாய் ஒன்றுதான், மூச்சு நிறைய இருக்கிறது."
அவள் தம்பி கொசோவோவில்.
கடிதங்களில் வானிலை மட்டும் எழுதுகிறான்.

கடைசியில் கை தூக்கினோம்.
நான் பார்த்த ஒரே நேர்மையான தேர்தல்:
கோல் கிளார்க்ஸ் மூன்று, மற்றவை இரண்டு.
தோற்றவன் நாடாவைச் சுற்ற வேண்டும், பென்சிலால்,
பேட்டரி மிச்சமாகும்.

ரெல்யா டப்பாவை மெழுகுவர்த்தி அருகே பிடித்தான்.
பாட்டுப் பெயர்கள் பச்சை மையில்.
ஆங்கில 'இ' ஒவ்வொன்றின் தலையிலும்
பழக்கத்தில் விழுந்த இரண்டு புள்ளிகள்.
பெசிமின் கையெழுத்து.

மூலை பேக்கரி.
எங்கள் எல்லார் காசெட்டும் அவன் அறையில் பதிந்தவை;
ஒன்றுக்கு ஒரு வாரக் கணக்குப் பாடம் கூலி.
ரஷ்யன் எழுதிய மாதிரி கணக்கு எழுதுவாயே என்று
லுபோமிரைக் கிண்டல் செய்வான்.
மார்ச் இருபத்தாறு ராத்திரி
அந்தக் கண்ணாடியில் கல் எறிந்தவர்கள்
பத்துப் பேர் இருக்கும்.
விடிந்தபோது அடுப்பில் சூடு இருந்தது,
ஆட்கள் இல்லை.

ரெல்யா அன்று எங்கே இருந்தான் என்று
நாங்கள் கேட்டதில்லை.
நான் எங்கே இருந்தேன் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
எதிர்ச்சாரியில்.
கையில் அன்று காலை அங்கே வாங்கிய ரொட்டியின் மீதி.

பென்சில் சுற்றும் சத்தம் மட்டும்.
அவசரப்படவில்லை ரெல்யா.
ஒரு இடத்தில் நாடா முறுக்கிக்கொள்ள,
நகத்தால் நீவிச் சரிசெய்தான்,
யாரோ தூங்குகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக.

முதல் பாட்டு சரியாக ஓடியது.
இரண்டாவதில் பேட்டரி இளைத்து
பாடகன் குரல் கனத்தது, தாழ்ந்தது,
சொல் சொல்லாகக் கிழவனானான்.
இழுத்துக்கொண்டே போன அந்தக் கடைசி வார்த்தை
ஆமா, இல்லையா,
இன்றுவரை எங்களுக்குள் விவாதம்.

அப்புறம் சைரன்.

செய்தியாவது கேட்டிருக்கலாம்,
என்றான் லுபோமிர்.