பதினொரு சுழிகள்

ஜனவரி. இரவு இரண்டு மணி.
மயூர் விஹார் முழுக்க ரஜாய்க்குள் சுருண்டு கிடக்கிறது.
நான் பால்கனிக் கதவைத் திறந்து
நைட்டியின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி
பனிமூட்டத்துக்குக் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மார்க்கூட்டுக்குள் யாரோ
ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு
அணைக்க மறந்து ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

"கதவைச் சாத்து, ஜன்னி வந்துடும்"
போர்வைக்கு வெளியே சபேசனின் மூக்கு மட்டும்.
அவருக்கு ஹீட்டர் வேண்டும். எனக்கு ஃபேன்.
இருபத்து மூன்று வருஷக் கட்டிலில்
இப்போது இரண்டு பருவங்கள்.

கீழே காவலாளி சுள்ளி எரித்துக் குளிர்காய்கிறார்.
அண்ணாந்து பார்க்கிறார்,
ஸ்வெட்டர் போடாத பைத்தியத்தை.

தணிக்கை அலுவலகத்தில் வேலை எனக்கு.
"பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்
நின்றுவிட்டது என்று எழுதலாம்" என்றார் டாக்டர்,
"நடுவில் வந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும்."
விதி புரிந்தது.
விதிகளைப் படிக்கத்தானே சம்பளம்.

டைரியில் மாதக் கடைசியில் பென்சிலால் ஒரு சுழி.
பிப்ரவரி. மார்ச்.
ஏப்ரலில் இட்லித் தட்டு சுவரில் மோதியது,
யார் எறிந்தது என்று நானும் தேடினேன்.
ஜூனில், பதினான்கு வருஷம் எதிர் மேஜையில் இருப்பவரின்
பெயர் மறந்தது.
ஆகஸ்டில் மதர் டெய்ரி வாசலில்
தயிர்ப் பாக்கெட்டோடு அழுதேன்.
கடைக்காரர் சில்லறையை வைத்துவிட்டு
வேறு பக்கம் பார்த்தார், நல்ல மனுஷர்.
சுழி. சுழி.

இன்னும் ஒன்பதே நாள்.
கூட்டத்தில் நான்காம் பத்தியை விவாதிக்கும்போது
பழகிய கை ஒன்று அடிவயிற்றைப் பிசைந்தது.

கைப்பையில் எல்லாம் இருந்தது.
கால்சியம் மாத்திரை, வாசிக்கும் கண்ணாடி, போன வருஷ டைரி,
விசிறியாய் மடித்த பழைய சுற்றறிக்கை.
வேண்டியது மட்டும் இல்லை.
மிச்சமிருந்த பாக்கெட்டை
தீபாவளி முடிந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பிய மகளிடம்
நானே தூக்கிக் கொடுத்திருந்தேன்,
சீர் செய்வதுபோல், சற்றே கர்வமாக.

மூன்றாம் மாடிக் கழிப்பறை.
கண்ணாடி முன் ஜஸ்லீன், சேர்ந்து எட்டு மாதம்,
லிப்ஸ்டிக் பூசிக்கொண்டிருந்தாள்.
கேட்டேன், இந்தியில்,
எட்டாம் வகுப்புக் குரலில்.
அவள் திரும்பக்கூட இல்லை.
பைக்குள் துழாவி நீட்டினாள்,
பேனா இரவல் கொடுப்பதுபோல்.
"வலிக்கு மாத்திரை வேணுமா, மேடம்?"
வலி இல்லை.
ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

பென்சில்தான், அழித்திருக்கலாம்.
அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடிட்டு அடித்து
பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று
எத்தனை பேரின் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
பதினொரு சுழிகளையும் அடித்தேன்.
ஒப்பமிட்டேன். தேதியும் போட்டேன்.

சாயங்காலம், மெட்ரோவின் மகளிர் பெட்டி.
யமுனை வந்ததும் போனதும் தெரியவில்லை, அவ்வளவு பனி.
உள்ளே ஸ்டவ் மறுபடி பற்றிக்கொண்டது.
சுற்றறிக்கையை எடுத்து விசிறினேன்.
எதிரே நின்றவள், என் வயசுதான் இருக்கும்,
மஃப்ளரைத் தளர்த்தியபடி
அந்தக் காற்று தன் மேலும் படும்படி
கொஞ்சம் சாய்ந்தாள்.