பதினேழு

நான்கு வெற்றுத்தாள்களை அடுக்கி
நடுவில் மடித்து
பென்சிலால் எண் போடுகிறேன், ஒன்று முதல் பதினாறு.
பிரித்துப் போட்டால்
பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று.
இரண்டுக்குப் பதினைந்து. பதினான்குக்கு மூன்று.
எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினேழு.
திராவா ஆற்றங்கரைத் தோட்டச் சங்கத்தின் வரவு செலவில்
இத்தனை ஒழுங்காக எதுவும் கூடி நான் பார்த்ததில்லை.
பொருளாளர் நான்தான்.

பிப்ரவரி. மாரிபோரில் மண் இன்னும் இறுகிக் கிடக்கிறது.
விதைப்பு அட்டவணை, சந்தா பாக்கி,
ஒத்மார் வரைந்த பூசணி,
நத்தைக்குக் கிண்ணத்தில் பியர் வைப்பது எப்படி: பொகோமிர், பக்கம் ஐந்து.
எருக்குழி பற்றி ஸ்தென்கா, பக்கம் பன்னிரண்டு.

இருவரும் பேசி மூன்று கோடை ஆகிறது.
தண்ணீர்க் குழாய் யார் எல்லையில் என்று தொடங்கி
ஒரு ப்ளம் கிளையை அறுத்ததில் வந்து நின்ற சண்டை.
"அந்த ஆள் பக்கத்தில் என்னைப் போடாதே" என்றாள் போனில்.
"ஏழு பக்கம் தள்ளி" என்றேன்.
பொய்யில்லை.

ஆனால் திரையில்,
மூன்றாம் தாளின் வெளிமுகத்தில்,
இடது பன்னிரண்டு, வலது ஐந்து.
அவளுடைய எரு ஆவி பறக்கிறது,
அவருடைய நத்தைகள் அதை நோக்கி ஊர்கின்றன,
நடுவே ஒரு மடிப்புக்கோடு.

மாற்றிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் நகர்ந்தால் அதன் இணை நகரும்,
அதன் முதுகில் உள்ளதும் நகரும்,
ஒத்மாரின் பூசணி சந்தா பாக்கிக்குள் உருண்டு விழும்.
விட்டுவிட்டேன்.

முதல் பிரதியில் பாதி தலைகீழ்.
நீள விளிம்பில் புரட்டச் சொல்லியிருக்கிறேன்;
படுக்கைவாட்டுத் தாளுக்குக் குறு விளிம்பு.
போன வருடமும் இதே தப்பு.
நான்கு தாளும் அடுப்புக்கு.

வியாழன் மாலை மடிக்க வந்தார்கள்,
மேசைக்கு இந்த முனை அவள், அந்த முனை அவர்.
மூன்றாம் தாள் கட்டு ஸ்தென்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.
பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
"மடி" என்றேன்.

மடித்தாள்.
கட்டைவிரல் நகத்தால், தேவைக்கு மேலேயே அழுத்தி.
எருவும் நத்தையும் ஆளுக்கொரு திசை திரும்பின,
முதுகுக்கு முதுகு.
அறுபது தடவை.

அறுபத்தொன்றாவதை மடிக்கவில்லை.
கண்ணாடியை இறக்கி வலதுபுறம் வாசித்தாள்,
கடைசி வரி வரைக்கும்.
"பியரை எதற்கு வீணாக்க வேண்டும்,
முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் போதாதா" என்றாள்,
தாளைப் பார்த்து.

மேசையின் அந்த முனையில்
ஸ்டேப்ளர் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்கவில்லை.