துரு

பகலில் பணகுடிக் காற்றாலையின் உச்சியில்
போல்ட்டுத் துருவைச் சுரண்டுகிறேன்.
ராத்திரி பழைய லேப்டாப்பில்
துரு ஏற்றுகிறேன்.
மொழியின் பெயரே ரஸ்ட்தான்.
லிங்கத்துரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

சந்தையோடு பேச ஒரே ஒரு லைப்ரரி கேட்டேன்.
ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால்
வேன் பிடித்து வருகிற வகையறா போல
நூற்று எண்பத்தேழு இறங்கத் தொடங்கின.
நூற்று அறுபத்து மூன்றில்
கரண்ட் போயிற்று,
இத்தனை காற்றாடி சுற்றுகிற ஊரில்,
அதுவும் ஆடியில்.

வந்ததும் விட்ட இடத்தில் பிடித்தேன்.
ஓப்பன் எஸ்எஸ்எல் இல்லையாம். வைத்தேன்.
பதிப்பு பழசாம். மாற்றினேன்.
விலையை மிதவை எண்ணில் வைத்தால்
பைசா ஒழுகுமென்று தசமத்துக்கு ஒரு லைப்ரரி,
அதற்கு ஒரு மாமன், மச்சான்.
புரோக்கர் தந்த டோக்கன்
விடிந்தால் செத்துப்போகும்;
அதைத் தினமும் பிறப்பிக்க
முப்பது வரி.

பிறகு கம்பைலர் சிவப்பில் சொன்னது:
‘பணம்’ இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியிலேயே
கைமாறிவிட்டது.
இருநூற்று முப்பத்தொன்றில்
அதை மறுபடி எடுக்கிறாய்.

பாலாற்ற எழுந்த ஜெபக்கனி
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
‘பணம்’ மட்டும் தமிழில் இருந்தது.
என்னவாம் என்றாள். சொன்னேன்.
“மோட்டாருக்குன்னு வச்ச சீட்டுத் துட்டுதான?
அதுக்குத் தெரியுது பாரும்,
ஒமக்குத் தெரியல.”
பிள்ளைக்குப் பால் கொண்டு போனாள்.

ஒரு இரவல் குறி சேர்த்தேன்.
சிவப்பு அடங்கியது.
அவளுக்கு என்ன குறி போடுவதென்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

கான்பிக் கோப்பில்
சோதனை என்பதை இல்லை ஆக்கினேன்.
அளவு: ஒன்று.
ஒரே ஒரு பங்கு.
தொடக்கம்: 9.15.

ஒன்பதேகாலுக்கு ஒன்றும் நடக்கவில்லை.
பத்துக்கும் இல்லை.
ஏணிக்கடியில் நின்று
ஏழு முறை போனைப் பார்த்துவிட்டு
ஏறிப்போனேன்.

இரண்டே முக்காலுக்கு
பெல்ட்டில் தொங்கிய என்னோடு சேர்ந்து
போனும் அதிர்ந்தது.
வாங்கப்பட்டது. ஒன்று. நூற்றுப் பதினான்கு ரூபாய் முப்பது பைசா.

நேர லைப்ரரி
கிரீன்விச்சில் குடியிருந்திருக்கிறது.
ஐந்தரை மணி நேரம் தள்ளி
அங்கே இப்போதுதான் ஒன்பதேகால்.

கீழே லிங்கத்துரை கத்தினான்,
“என்னவே, துரு போயிட்டா?”
காற்றில் பாதிதான் கேட்டது.
திரையில் என் பெருவிரல் பட்ட இடத்தில்
செம்மண் நிறத்தில் ஒரு ரேகை.
துடைத்துவிட்டு
விலையைத் திரும்பப் பார்த்தேன்.
நூற்றுப் பதினான்கு, பத்து.